நான்காவது புள்ளி



போன வாரம் என்னிடம் படித்த ஒரு பெண் வாட்ஸப்பில் ஒரு கணக்கைப் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். அவள் மகன் இப்போது பத்தாம் வகுப்பு. கூடவே ஒரு குரல் பதிவு. "டீச்சர், மூணு புள்ளி கொடுத்துப் பரவளையத்தோட சமன்பாடு கேக்காங்க. கணக்கை நானே போட்டுக் காட்டிட்டேன். ஆனா இவன் ரெண்டு கேள்வி கேக்கான். ஏன் சரியா மூணு புள்ளி? இதைப் படிச்சு என்ன ஆகப்போகுது? எனக்குச் சொல்லத் தெரியல."

முதல் கேள்விக்கு அன்று இரவே பதில் அனுப்பிவிட்டேன். இரண்டாவது கேள்விக்கு எழுத உட்கார்ந்தேன், அது நீண்டுகொண்டே போனது. ஒரு பையனுக்கு மட்டும் போகவேண்டிய பதில் இல்லை என்று தோன்றியதால் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். கணக்கு என்றாலே எழுந்து ஓடுகிற என் சித்தி மகள்களும் மதினிமார்களும் நடுவில் உள்ள கூட்டல் கழித்தலைத் தாண்டிவிட்டு, என் தம்பியைப் பற்றிய பகுதியை மட்டுமாவது வாசித்துவிடுங்கள். அது பணம் சம்பந்தப்பட்டது.

முதலில் பையனின் முதல் கேள்வி.

பரவளையம் என்றால் என்ன என்று உங்களுக்கு நினைவிருக்கும். தோட்டத்துக் குழாயைச் சற்றுத் தூக்கிப் பிடித்தால் தண்ணீர் எழும்பி வளைந்து விழுகிறதே, அந்தக் கோடு. அதன் பொதுச் சமன்பாடு இது:

ஒய் = ஏ × எக்ஸ்² + பி × எக்ஸ் + சி

(கைப்பேசியில் தட்டுவதால் எழுத்துகளையும் தமிழிலேயே போட்டிருக்கிறேன். வாய்விட்டு வாசித்தால் வகுப்பில் கேட்டது போலவே இருக்கும்.)

இதில் நமக்குத் தெரியாதவை மூன்று: ஏ, பி, சி. எக்ஸும் ஒய்யும் தெரியாதவை அல்ல. புள்ளியைக் கொடுத்தவுடன் அவை வெறும் எண்கள் ஆகிவிடுகின்றன. இந்த இடத்தில்தான் ஒவ்வொரு ஆண்டும் பாதி வகுப்பு தடுமாறும். "டீச்சர், வர்க்கம் இருக்கே, இது எப்படி நேரிய சமன்பாடு?" என்று யாராவது கேட்பார்கள். கேட்டவர்கள் கெட்டிக்காரர்கள். வர்க்கம் இருப்பது எக்ஸ் மேல். எக்ஸ் 4 என்று தெரிந்துவிட்டால் அது 16 என்ற சாதாரண எண். தெரியாத ஏ, பி, சி மூன்றின் மேலும் எந்த வர்க்கமும் இல்லை. ஆகவே கோடு வளைந்திருந்தாலும், அதைக் கண்டுபிடிக்கத் தேவைப்படும் சமன்பாடுகள் நேரானவை.

ஒரு புள்ளி ஒரு செய்தி சொல்லும். தெரியாதவை மூன்று என்றால் மூன்று செய்தி வேண்டும். அதனால்தான் மூன்று புள்ளி. நான் அவனுக்கு அனுப்பிய கணக்கு இது. (1, 2), (2, 3), (4, 11) என்ற புள்ளிகள் வழியாகப் போகும் பரவளையம் எது?

ஏ + பி + சி = 2
4 ஏ + 2 பி + சி = 3
16 ஏ + 4 பி + சி = 11

இனி நீக்கல் முறை. இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழித்தால் சி ஓடிவிடும்: 3 ஏ + பி = 1. மூன்றாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் 12 ஏ + 2 பி = 8, அதாவது 6 ஏ + பி = 4. இந்த இரண்டையும் மறுபடி கழித்தால் பி-யும் ஓடிவிடும்: 3 ஏ = 3. ஏ = 1, பி = −2, சி = 3.

ஒய் = எக்ஸ்² − 2 எக்ஸ் + 3. எக்ஸுக்கு 4 போட்டுப் பாருங்கள்: 16 − 8 + 3 = 11. சரியாக இருக்கிறது.

இப்படி ஒவ்வொன்றாக நீக்கும் வேலை புதிது அல்ல. சுமார் 2000 ஆண்டுகளுக்கு முற்பட்ட சீனக் கணித நூலான 'ஒன்பது அத்தியாயங்கள்' இதற்கென்றே ஓர் அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறது. நம் நாட்டு பிரம்மகுப்தர் 665-ல் எழுதி முடித்த 'கண்டகாத்யக'த்தில் இன்னொரு வழி இருக்கிறது. சைன் அட்டவணையில் இரண்டு மதிப்புகளுக்கு நடுவே உள்ள மதிப்பு வேண்டும் என்றால், நேர்கோடு போட்டு நிரப்பாமல், வித்தியாசங்களின் வித்தியாசத்தையும் சேர்த்துக் கணக்கிட்டார். இன்றைய மொழியில் சொன்னால், அட்டவணையின் மூன்று மதிப்புகள் வழியாக ஒரு பரவளையம் வரைந்து இடைவெளியை நிரப்பினார். முதல் வேறுபாடு, இரண்டாம் வேறுபாடு என்று நான் கரும்பலகையில் படிக்கட்டு மாதிரி எழுதுவேனே, அதே சங்கதிதான்.

விதிவிலக்கும் உண்டு. இரண்டு புள்ளிகள் ஒன்றுக்கு நேர் மேலாக இருந்தால் இந்த வகைப் பரவளையம் கிடைக்காது. மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருந்தால் ஏ பூச்சியமாகிவிடும், கிடைப்பது நேர்கோடு. இந்த இரண்டும் தவிர, நீங்கள் எந்த மூன்று புள்ளியைக் கண்ணை மூடிக்கொண்டு வைத்தாலும் அவற்றின் வழியே ஒரு பரவளையம் போகும். ஒன்றே ஒன்றுதான் போகும்.

பரீட்சைக்கு இவ்வளவு போதும். ஆனால் கடைசியாகச் சொன்னதை இன்னொரு தடவை வாசியுங்கள். எந்த மூன்று புள்ளிக்கும் ஒரு பரவளையம் கிடைத்துவிடும். அந்தப் புள்ளிகள் உண்மையில் ஒரு பரவளையத்தின் மேல் இருந்தவையா என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. உப்பு விலை, உங்கள் வயது, இன்றைய வெயில் என்று மூன்று எண்களை வரிசையாகக் கொடுத்தாலும் முகம் சுளிக்காமல் ஒரு விடை தரும். பையனின் இரண்டாவது கேள்விக்கான பதில் இங்கேதான் தொடங்குகிறது.

என்னிடம் ஒன்பதாம் வகுப்பில் படித்த ஒருவர் இப்போது சொந்தமாக வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு நாள் மதியம் போன் வந்தது.

"டீச்சர், ஒரு கோயில் வேலை. கிழக்கு வாசல்ல பழைய ஆர்ச் ஒண்ணு இருக்கு. அதே மாதிரி மேற்கு வாசல்லயும் வேணுமாம். கொடைக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அகலம் இருபது அடி. ரெண்டு பக்கத் தூணும் பத்து அடி. நடுவுல உச்சி பதினஞ்சு அடி. ரெண்டடிக்கு ஒரு கம்பி நிறுத்தணும். ஒவ்வொண்ணும் என்ன உயரம்னு சொன்னீங்கன்னா வெட்டிருவேன். நீங்கதான் மூணு புள்ளி இருந்தா போதும்னு சொல்லித் தந்தீங்க."

இருபத்தைந்து வருடம் கழித்தும் அது நினைவில் இருந்தது எனக்குச் சந்தோஷம்தான். பேப்பரை எடுத்துக்கொண்டு போனிலேயே சொல்லச் சொல்லப் போட்டோம். இடது தூணிலிருந்து தூரம் எக்ஸ், தரையிலிருந்து உயரம் ஒய். புள்ளிகள் (0, 10), (10, 15), (20, 10).

முதல் புள்ளி சும்மா ஒன்றைத் தந்துவிடுகிறது: சி = 10. மற்ற இரண்டும்:

100 ஏ + 10 பி = 5
400 ஏ + 20 பி = 0

பி = −20 ஏ. அதை மேலே போட்டால் −100 ஏ = 5. ஏ = −0.05, பி = 1.

ஒய் = −0.05 எக்ஸ்² + எக்ஸ் + 10

தூணிலிருந்து இரண்டடியில் 11.8 அடி, நான்கடியில் 13.2, ஆறடியில் 14.2, எட்டடியில் 14.8. மறுபக்கமும் அதே. அவர் எழுதிக்கொண்டார். அடியின் பத்தில் ஒரு பங்கை அங்குலமாக மாற்ற 12-ஆல் பெருக்க வேண்டும் என்று நான் ஞாபகப்படுத்துவதற்குள் அவரே மாற்றிவிட்டார். நான்கடியில் 13 அடி 2.4 அங்குலம்.

"சரிப்பா, கம்பியில கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு வேலை செய்" என்றேன். "பழைய ஆர்ச்சுல ஏணி போட்டு, தூணிலிருந்து நாலடி தள்ளி ஒரு தூக்குக்குண்டு விட்டு உயரத்தை அளந்து சொல்லு."

"அதான் சமன்பாடு வந்திருச்சே டீச்சர்?"

"வந்திருச்சு. அந்த ஆர்ச்சைக் கட்டின கொத்தனாருக்கு நம்ம சமன்பாடு தெரியுமான்னு பாக்கணும்ல."

சிரித்துக்கொண்டே போனவர் சாயங்காலம் கூப்பிட்டார். சிரிப்பு இல்லை. "டீச்சர், 13 அடி 5½ அங்குலம் இருக்கு. ரெண்டு தடவை அளந்துட்டேன்."

நம் கணக்குக்கும் ஆர்ச்சுக்கும் மூன்று அங்குலத்துக்கு மேல் வித்தியாசம். டேப்பைப் பிடிப்பதில் ஒன்றிரண்டு நூல் கூடக் குறைய இருக்கலாம். மூன்று அங்குலம் அப்படி வராது. ஆக அது பரவளையம் இல்லை.

அப்படியானால் என்ன? பழைய கொத்தனார் எப்படி ஆர்ச் போடுவார் என்று யோசித்தால் போதும். ஓர் இடத்தில் ஆணி, அதில் கயிறு, கயிற்றின் நுனியால் ஒரு சுற்று. அது வட்டத்தின் துண்டு. வட்டத்துக்கும் மூன்று புள்ளி போதும். இங்கே பிதாகரஸ் தேற்றமே வேலையை முடித்துவிடும். ஆரம் ஆர் என்றால், வட்ட மையம் உச்சிக்கு நேர் கீழே ஆர் அடி ஆழத்தில் இருக்கும். தூண் தலையிலிருந்து நடுக்கோடு வரை 10 அடி, தூண் தலை உச்சியைவிட 5 அடி கீழே. ஆகவே:

ஆர்² = 10² + (ஆர் − 5)²

விரித்தால் ஆர்² இரண்டு பக்கமும் அடிபட்டுப்போய் 10 ஆர் = 125. ஆரம் பன்னிரண்டரை அடி. மையம் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில். இதை வைத்து, தூணிலிருந்து நான்கடியில் உயரம் என்ன என்று பார்த்தால் 13.466 அடி. அதாவது 13 அடி 5.6 அங்குலம். அவர் அளந்தது 13 அடி 5½.

"இப்ப ரெண்டடியிலயும் அளந்து பாரு. 12 அடி 1¼ அங்குலம் வரணும்" என்றேன். ஒரு நூல் குறைவாக வந்தது. போதும். மறுநாள் பட்டறைத் தரையில் ஆணி அடித்து, பன்னிரண்டரை அடிக் கயிறு கட்டி, சாக்பீஸால் முழு அளவுக்கே கோடு போட்டுப் பைப்பை வளைத்துவிட்டார். கொடைக்கு இரண்டு நாள் முன்பே ஆர்ச் ஏறிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். (0, 10), (10, 15), (20, 10) என்ற அதே மூன்று புள்ளிகள் பரவளையத்துக்கும் சம்மதித்தன, வட்டத்துக்கும் சம்மதித்தன. எது உண்மை என்று சொல்ல அவற்றால் முடியவில்லை. நான்காவது புள்ளிதான் சொன்னது. புதிதாக ஒரு ஆர்ச் செய்வதாக இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எந்த வடிவம் என்று நாமே முடிவு செய்கிறோம், மூன்று புள்ளி போதும். ஏற்கெனவே இருக்கும் ஒன்றைப் பற்றிப் பேசும்போது, அதைப் போய்க் கேட்காமல் முடிவு செய்யக் கூடாது.

இதே பாடத்தை உங்களில் சிலர் வகுப்பிலேயே கண்ணால் பார்த்திருக்கிறீர்கள். ஹார்டுவேர் கடையில் வாங்கிய மெல்லிய இரும்புச் சங்கிலி நினைவிருக்கிறதா? கரும்பலகையின் மேல் 120 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஆணி. 170 சென்டிமீட்டர் சங்கிலியை அதில் தொங்கவிட்டால் நடுவில் சுமார் 54 சென்டிமீட்டர் தொய்வு. பார்த்த எல்லோரும் "பரவளையம்" என்பீர்கள். இரண்டு நுனி, நடுவில் அடிப்புள்ளி என மூன்று புள்ளிகளை வைத்துச் சமன்பாடு போடச் சொல்வேன். பிறகு நடுவிலிருந்து 30 சென்டிமீட்டர் தள்ளி, சங்கிலி அடிப்புள்ளியைவிட எவ்வளவு உயரத்தில் இருக்க வேண்டும் என்று கேட்பேன். சமன்பாடு 13.5 சென்டிமீட்டர் என்னும். ஸ்கேலை வைத்தால் 12-ஐக்கூடத் தொடாது. ஒன்றே முக்கால் சென்டிமீட்டர் வித்தியாசம், கடைசி பெஞ்சிலிருந்தே தெரியும்.

இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. கலிலியோ 1638-ல் வெளியான தன் புத்தகத்தில், எறிந்த பொருள் பரவளையத்தில் போகிறது என்று நிறுவினார். அதே புத்தகத்தில், தொங்கும் சங்கிலியும் ஏறக்குறைய பரவளையம்தான் என்றும், அதை வைத்தே பரவளையம் வரைந்துகொள்ளலாம் என்றும் எழுதினார். சற்றே தொய்வாகத் தொங்கும் சங்கிலிக்கு அது நன்றாகப் பொருந்தும். அதே ஆணிகளில் 123 சென்டிமீட்டர் சங்கிலியைத் தொங்கவிட்டால் தொய்வு 12 சென்டிமீட்டர்தான் வரும். அப்போது அதே இடத்தில் வித்தியாசம் அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. 1646-ல் ஹாலந்தில் ஹைகன்ஸ் என்ற பையன், அப்போது வயது பதினேழு, சங்கிலி பரவளையம் அல்ல என்று நிரூபித்தான். அது என்ன வளைவு என்று தெரிய இன்னும் நாற்பத்தைந்து ஆண்டுகள் பிடித்தன. 1691-ல் ஹைகன்ஸ், லைப்னிட்ஸ், யோஹான் பெர்னூலி மூவரும் விடை கண்டார்கள். அதன் பெயர் கேட்டனரி. லத்தீனில் சங்கிலி என்ற சொல்லிலிருந்து வந்த பெயர்.

செங்கோட்டை ரயிலேறிப் புனலூர் போனால், கல்லடை ஆற்றின் மேல் 1877-ல் கட்டி முடித்த தொங்குபாலம் இருக்கிறது. அதுவும் சங்கிலியில் தொங்குவதுதான். ஆனால் தொங்குபாலத்தில் சங்கிலி தன் எடையை மட்டும் சுமப்பதில்லை, பாலத்தின் தளத்தையும் சுமக்கிறது. தளத்தின் எடை கிடைமட்டமாகச் சமமாகப் பரவியிருப்பதால், அப்படிச் சுமக்கும் சங்கிலி பரவளையத்தை நெருங்கிவிடுகிறது. வடிவத்தை முடிவு செய்வது சுமை. தண்ணீர்த் தாரை பரவளையமாக விழுவதற்குப் புவியீர்ப்பு காரணம். சங்கிலி அப்படித் தொங்காததற்கும் ஒரு காரணம் இருக்கிறது. புள்ளிகளைக் கையில் எடுக்கும் முன், "இது ஏன் பரவளையமாக இருக்க வேண்டும்?" என்று கேட்டுப் பழகுங்கள். காரணம் இருந்தால் மூன்று புள்ளி போதும், நான்காவது நம் அளவு சரியா என்று பார்க்க. காரணம் தெரியாவிட்டால் நான்காவது இல்லாமல் ஒரு அடிகூட எடுத்து வைக்கக் கூடாது.

இனி என் தம்பி விஷயம். அவன் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். "நாலு பேருக்குப் பயன்படட்டும், எழுதுங்க அக்கா" என்று அவனே சொன்னான்.

தம்பி போன வருடம் ஓய்வுபெற்றான். கையில் மொத்தமாகப் பணம் வந்தது. யாரோ ஒரு குழுவில் சேர்த்துவிட, கைப்பேசிச் செயலி ஒன்றில் ஒரு லட்சம் ரூபாய் போட்டான். பங்கு வர்த்தகம் என்று சொன்னார்களாம். மூன்று மாதம் கழித்து வீட்டுக்கு வந்தவன் திரையைக் காட்டினான். முதல் மாத முடிவில் லாபம் 3,000. இரண்டாம் மாத முடிவில் மொத்தம் 8,000. மூன்றாம் மாத முடிவில் 15,000. அதற்கு மேல் புள்ளிக்கோடாக ஒரு வளைவு மேலே மேலே ஏறி, பன்னிரண்டாம் மாதத்தில் 1,68,000 என்று காட்டியது.

"அக்கா, மீதிப் பன்னிரண்டு லட்சத்தையும் போட்டா வருஷக் கடைசியில இருபது லட்சம் லாபம். பாப்பா கல்யாணத்துக்குக் கடன் வாங்க வேண்டாம்."

நான் அவனைத் திட்டவில்லை. பேப்பரை எடுத்தேன். மாதம் எக்ஸ், லாபம் ஆயிரத்தில் ஒய். (1, 3), (2, 8), (3, 15). வித்தியாசங்கள் 5, 7. வித்தியாசத்தின் வித்தியாசம் 2. அதில் பாதி ஏ, ஆக ஏ = 1. பி = 2, சி = 0. ஒய் = எக்ஸ்² + 2 எக்ஸ். பன்னிரண்டாம் மாதத்துக்கு 144 + 24 = 168. அவர்கள் காட்டிய எண் அப்படியே வந்தது.

"பாத்தீங்களா அக்கா, கணக்கு சரியாத்தான் இருக்கு" என்றான்.

"கணக்கு சரிதான். இப்ப இதையும் பாரு" என்று அதன் பக்கத்தில் இன்னொன்றை எழுதினேன்:

ஒய் = எக்ஸ்² + 2 எக்ஸ் − 0.2 × (எக்ஸ் − 1) × (எக்ஸ் − 2) × (எக்ஸ் − 3)

"மாசம் 1 போட்டா கடைசிப் பகுதி பூச்சியம். 2 போட்டாலும், 3 போட்டாலும் பூச்சியம். அதனால இந்தக் கோடும் 3, 8, 15 வழியாத்தான் போகுது. நாலாம் மாசம் அவங்க கோடு 24 ஆயிரம்னு சொல்லும், என் கோடு 22 ஆயிரத்து 800-ன்னு சொல்லும். பெரிய வித்தியாசம் இல்ல. இப்ப பன்னிரண்டாம் மாசத்தைப் போடு."

அவனே போட்டான். 11 × 10 × 9 = 990. அதில் 0.2 பங்கு 198. 168 − 198 = −30. முப்பதாயிரம் நட்டம். அந்தப் பேப்பரை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அப்ப எது உண்மை?"

"ரெண்டுமே உண்மைன்னு சொல்ல முடியாது. இந்த மாதிரி எத்தனை கோடு வேணும்னாலும் நான் போட்டுத் தருவேன். மூணு புள்ளிக்கு அப்புறம் பரவளையமா ஏறணும்னு பணத்துக்கு ஏதாவது விதி இருக்கா? எறிஞ்ச கல்லுக்குப் புவியீர்ப்பு இருக்கு. இதுக்கு என்ன இருக்கு?"

"அப்ப அடுத்த மாசம் என்ன எண் வருதுன்னு பாக்கவா?"

இங்கேதான் அவனுக்கு நான் ஒரு விஷயம் சொன்னேன். உங்களுக்கும் சொல்கிறேன். அடுத்த மாதம் திரையில் வரும் எண் நான்காவது புள்ளி ஆகாது. முதல் மூன்றை எழுதிய கைதான் அதையும் எழுதும். வெல்டிங் பட்டறைக்காரர் ஏணி ஏறி, தன் டேப்பால் அளந்தார் அல்லவா? அதுபோல நம் கையால் அளந்த எண்தான் நான்காவது புள்ளி. "இருபதாயிரத்தை எடுத்துப் பாரு. உன் வங்கிக் கணக்கில் வந்து விழட்டும். அது வரைக்கும் ஒரு ரூபாய்கூடப் போடாதே" என்றேன்.

எடுக்கப் போனான். முதலில் "பரிசீலனையில் இருக்கிறது" என்று நாலு நாள். பிறகு, வரியாக 18,000 ரூபாயை முன்கூட்டிக் கட்டினால்தான் பணம் விடுவிக்கப்படும் என்று செய்தி. அவர்கள் கொடுத்த எண்ணில் கூப்பிட்டால் யாரும் எடுக்கவில்லை. அன்று சாயங்காலமே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் போன் செய்து புகார் பதிவு செய்தோம். அந்த ஒரு லட்சம் இன்றுவரை திரும்பவில்லை. பன்னிரண்டு லட்சம் வங்கியில் பத்திரமாக இருக்கிறது. பாப்பா கல்யாணம் தை மாதம். உறவுகளுக்கு அழைப்பு வரும்.

தம்பி ஏமாளி இல்லை. அவன் கணக்கில் என்னைவிட வேகம். அந்தத் திரையில் இருந்த கோடும் கணக்குப்படி தப்பில்லை. மூன்று எண்களிலிருந்து ஒரு வளைவைப் போட்டுக் காட்டியவர்களுக்கும் நீக்கல் முறை தெரிந்திருக்கிறது. கணக்குத் தெரியாதவனை ஏமாற்றுவது ஒரு வகை. சரியான கணக்கைக் காட்டி ஏமாற்றுவது இன்னொரு வகை. இரண்டாவதில் படித்தவர்கள்தான் அதிகம் விழுகிறார்கள், ஏனென்றால் சரிபார்த்துவிட்டோம் என்று நினைத்துவிடுகிறார்கள். அவர்கள் சரிபார்ப்பது கூட்டல் கழித்தலை. சரிபார்க்க வேண்டியது, இந்தக் கோடு ஏன் இப்படிப் போகவேண்டும் என்பதை.

ஆகவே அந்தப் பத்தாம் வகுப்புப் பையனுக்கு என் பதில் இது, தம்பி. மூன்று புள்ளியிலிருந்து ஒரு வளைவைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் மூன்று புள்ளி எவ்வளவு சுலபமாகச் சம்மதித்துவிடும் என்பதும் தெரியும். ஒருவர் இரண்டு மூன்று விஷயத்தைக் காட்டி, "ஆகவே இனி எல்லாம் இப்படித்தான்" என்று சொல்லும்போதெல்லாம், அது பணமானாலும், மனிதர்களைப் பற்றிய பேச்சானாலும், செய்தித்தாளில் வரும் வரைபடமானாலும், "நாலாவது புள்ளி எங்கே? அதை அளந்தது யார்?" என்று உன் மனம் தானாகக் கேட்க வேண்டும். ஏ, பி, சி மறந்துபோனாலும் பரவாயில்லை. இந்தக் கேள்வி மறக்கக் கூடாது. அதற்காகத்தான் இதைப் படிக்கிறாய். மார்க்கும் கிடைக்கும், அது தனி.

இவ்வளவு தூரம் வாசித்தவர்களை வீட்டுப்பாடம் இல்லாமல் அனுப்பினால் நான் உங்கள் டீச்சர் இல்லை. இரண்டு தொகுதி தருகிறேன். ஒவ்வொன்றிலும் நான்கு புள்ளி. ஒன்று உண்மையான பரவளையத்திலிருந்து எடுத்தது. இன்னொன்று இல்லை.

முதல் தொகுதி: (0, 2), (1, 3), (2, 6), (3, 12)
இரண்டாம் தொகுதி: (0, 5), (1, 4), (2, 7), (4, 25)

எது எது என்று கண்டுபிடித்து எழுதுங்கள். பிள்ளைகளைக் கூட வைத்துக்கொண்டு போடுங்கள், கைப்பேசியைக் கேட்காமல். முழு வழிமுறையும் வேண்டும். வெறும் விடைக்கு நான் மார்க் போடுவதில்லை என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும்.